அங்கன்வாடியில் ஆபத்து வேளை

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கு நோக்கி வரும் 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து களியக்காவிளையில் தமிழ்நாட்டிற்குள் நுழைகிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியே பிரிக்கப்பட்டபோது இவ்வெல்லை உண்டாயிற்று. அதற்கு முன் இரு பக்கமும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. எல்லை வந்த பின்னும் மக்களின் பேச்சு அக்கோட்டோடு நின்றுவிடவில்லை. கேரளப் பக்கத்துச் சிற்றூர்களில் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் கேட்டு வளரும் குழந்தைகள் பலர். அவர்கள் தாயை விட்டுப் பிரிந்து முதன்முதலாகப் பிறரை நம்பி இருக்கும் இடம் அங்கன்வாடி.

1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகள் நடைபெறுகின்றன. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் அங்கே பாடிப் பயின்று, உண்டு, உறங்குகின்றனர். அவர்களைக் காக்க ஓர் ஆசிரியையும் ஓர் உதவியாளரும் உள்ளனர். தீப்பற்றினாலோ மழைநீர் புகுந்தாலோ முதல் சில நிமிடங்களுக்கு அவ்விருவரே தலைவர்கள். தீயணைப்பு வண்டி அதன் பிறகே வரும். தலைமை என்றவுடன் பெரிய பதவியில் இருப்பவர் நினைவுக்கு வருவது இயல்பு. இங்கோ அது சமையல் செய்யும் அம்மையாரின் கையிலும் இருக்கிறது.

சிறு குழந்தை ஆபத்தைக் கண்டால் வெளியே ஓடிவிடும் என்று எண்ணுவது தவறு. அது பெரும்பாலும் ஒளிந்துகொள்ளும். கதவின் பின்னும் மேசையின் அடியிலும் புகுந்து, அழைத்தாலும் குரல் கொடுக்காமல் இருக்கும். ஆகவே அதனைத் தேடி, கைப்பிடித்து, வெளியே கொண்டுவர ஒருவர் வேண்டும். யார் அவர் என்பதைப் புகை வந்த பின் பேசி முடிவு செய்ய நேரம் இராது.

இதனைத் தமிழகம் பெருந்துயரின் வழியாக அறிந்தது. 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணத்தில் ஒரு தொடக்கப்பள்ளியின் சமையற்கூடத்தில் மதிய உணவு சமைக்கும்போது பற்றிய தீ, கூரை ஓலைக்குத் தாவியது. மாடி வகுப்பில் நெருங்கி அமர்ந்திருந்த பிள்ளைகள் இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டே இருந்தது. எரியும் கூரை அவர்கள் மீது சரிந்தது. 94 குழந்தைகள் மாண்டனர். அதன் பின்னர்த் தமிழ்நாட்டில் பள்ளிகளின் ஓலைக் கூரைகள் அகற்றப்பட்டன. அவ்விபத்தைத் தொடர்ந்து தொடுக்கப்பட்ட வழக்கில் 2009 ஏப்ரல் 13ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. பள்ளிகளில் தீயணைப்புக் கருவிகள் இருக்க வேண்டும் என்பதோடு, அவற்றைக் கையாள ஆசிரியர்களும் பணியாளர்களும் பயிற்சி பெற வேண்டும் என்றும் அது பணித்தது. சுவரில் தொங்கும் கருவி தானாகத் தீயை அணைப்பதில்லை அன்றோ?

ஓலைக் கூரை போய்விட்டது. ஆனால் அடுப்பு இருக்கிறது. அங்கன்வாடியில் சமையலறையும் வகுப்பறையும் ஒரே கூரையின் கீழ் அமைவது உண்டு. எனவே பணிகளை முன்னரே பிரித்துக்கொள்வர். உதவியாளர் எரிவாயு உருளையை மூடிவிட்டுக் கழிப்பறையிலும் மூலைகளிலும் தேடி வருவார். ஆசிரியை குழந்தைகளைக் கயிறு பிடிக்கச் செய்து கூடுமிடத்திற்கு அழைத்துச் செல்வார். அவ்விடம் கட்டடத்திலிருந்து விலகியும், வண்டிகள் விரையும் சாலையைத் தொடாமலும் இருத்தல் வேண்டும். அவர் கையில் எடுத்துச் செல்ல வேண்டிய பொருள் ஒன்றே ஒன்று. அது வருகைப் பதிவேடு. காலையில் பதினெட்டுப் பேர் வந்தனர் என்று தெரிந்தால்தான், கூடுமிடத்தில் பதினேழு பேர் நிற்பது குறை என்று தெரியும். நடுவில் ஒரு பாட்டி வந்து பேரனை அழைத்துச் சென்றிருந்தால் அதுவும் உடனே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் வெளியே நலமாக உள்ள ஒரு குழந்தையைத் தேடி யாரேனும் நெருப்புக்குள் நுழைய நேரும்.

எல்லையோரத்தில் மொழியும் கவனத்திற்கு உரியது. ‘தீ’ என்பது தமிழுக்கும் மலையாளத்திற்கும் பொதுவான சொல். ‘வெள்ளம்’ அவ்வாறன்று. மலையாளத்தில் அது குடிக்கும் நீரைக் குறிக்கும். குமரி மாவட்டத்துப் பேச்சுத் தமிழிலும் அப்பொருள் உண்டு. தமிழகத்தின் பிற பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய வீட்டுக் குழந்தைக்கோ வெள்ளம் என்றால் பெருக்கெடுத்து வரும் நீர். பதற்றத்தில் குழந்தைக்குத் தாய்மொழியே முதலில் விளங்கும். ஆதலால் ‘வா’, ‘கயிற்றைப் பிடி’ போன்ற இரண்டு மூன்று கட்டளைகளை இரு மொழியிலும் சொல்லி, விளையாட்டுப் போல மீண்டும் மீண்டும் பழக்குதல் நன்று.

இப்பகுதி தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுகிறது. கனமழை நாளில் திருவனந்தபுரம் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்தால், அது கன்னியாகுமரி மாவட்டத்தைக் கட்டுப்படுத்தாது. தாய் எல்லைக்கு அப்பால் வேலையில் இருக்க, பிள்ளை இப்பால் காத்திருக்கும் நிலை எழும். அவருக்குப் பதிலாக யாரிடம் குழந்தையை ஒப்படைக்கலாம் என்பதைச் சேர்க்கையின்போதே கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். அதுவும் தாளில் எழுதுதல் வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது குமரி மாவட்டத்தில் மரங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரம் இன்றி இருந்தன. கைப்பேசியில் மட்டுமே உள்ள எண்கள் அத்தகைய நாளில் பயன்படா. அவசர உதவிக்கு 112, தீயணைப்புக்கு 101, குழந்தைகள் உதவிக்கு 1098 ஆகிய எண்களும் அதே பக்கத்தில் இருக்கலாம்.

ஜப்பானின் கமாய்ஷி நகரில் 2011 மார்ச் 11ஆம் நாள் நிலம் அதிர்ந்தபோது, கடலோரத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் முதலில் தம் கட்டடத்தின் மேல்தளத்திற்கு ஏறினர். அருகிலிருந்த நடுநிலைப் பள்ளியின் மாணவர்கள் மேட்டை நோக்கி ஓடுவதைக் கண்டு அவர்களும் இறங்கி ஓடினர். மூத்தவர்கள் இளையவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றனர். முதலில் சேர்ந்த இடம் போதாது என்று கண்டு இன்னும் மேலே ஏறினர். சிறிது நேரத்தில் இரு பள்ளிகளும் ஆழிப்பேரலையில் மூழ்கின. அவர்கள் ஆண்டுதோறும் பழகிய ஒத்திகை அன்று காலுக்கு வழி காட்டியது.

பாறசாலைப் பக்கத்திலும் தம்பி தங்கையர் அங்கன்வாடியில் இருக்க, அண்ணனும் அக்காளும் அருகிலுள்ள பள்ளியில் பயில்வதுண்டு. ஒத்திகை நாளில் கூடுமிடத்தை அவர்களுக்கும் காட்டி வைத்தால், புகையைக் கண்டவுடன் அவர்கள் கட்டடத்திற்குள் தேடி ஓடாமல் நேரே அம்மரத்தடிக்கு வந்து நிற்பார்கள்.