வாய், முக ஆபரேஷனில் எவ்வளவு ரத்தம் போகிறது? டாக்டர்கள் கணக்கு போடுவது இப்படித்தான்!

வாயில் ஆபரேஷன் நடக்கும்போது ரத்தத்தோடு எச்சிலும், கழுவ ஊற்றும் சலைனும் கலந்துவிடும். அதனால் கண்ணால் பார்த்து மட்டும் அளவு சொன்னா தப்பாகிடும்.

எப்படி கணக்கிடுகிறார்கள்?

உதாரணத்துக்கு, சக்‌ஷன் பாட்டிலில் 900 மில்லி சேர்ந்திருக்கு, அதில் சலைன் 500 மில்லி என்றால், ரத்தம் தோராயமாக 400 மில்லி. அடுத்து, ரத்தம் ஊறிய காஸ் துணிகளை எடை போடுவார்கள். உலர்ந்த எடையைவிட 150 கிராம் கூடியிருந்தால் சுமார் 150 மில்லி. ஆக மொத்தம் 550 மில்லி.

ஏன் முக்கியம்?

60 கிலோ எடையுள்ள பெரியவர் உடலில் சுமார் 4.2 லிட்டர் ரத்தம் இருக்கும். அண்ணப்பிளவு ஆபரேஷனுக்கு வரும் 10 கிலோ குழந்தைக்கு சுமார் 800 மில்லிதான். 80 மில்லி போனாலே பத்தில் ஒரு பங்கு போச்சு! ரத்தம் ஏற்றணுமா என்று முடிவெடுக்க இந்தக் கணக்கும் உதவுகிறது.