எடை குறையட்டும், வயது காத்திராது

மாங்கனித் திருவிழாவில் வாரியிறைக்கப்படும் கனியை ஏந்தி உண்டால் மகப்பேறு வாய்க்கும் என்பது காரைக்கால் மக்களின் நம்பிக்கை. அந்நம்பிக்கையோடு மருத்துவமனைக்கும் வரும் பெண்கள் சிலருக்கு, "எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்னும் சொல் தீர்ப்புப்போல் ஒலிப்பதை நாங்கள் அறிவோம்.

கருத்தரிப்புச் சிகிச்சைகளுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் வயதுக்கே எல்லை வகுத்துள்ளது. எடை வரம்பை வகுப்போர் மருத்துவர்கள். கருமுட்டை எடுக்கையில் தரும் மயக்க மருந்தையும், பேறுகாலத்து இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றையும் எண்ணியே அவ்வாறு செய்கின்றனர்.

சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர் 80 கிலோ எடையில் 4 முதல் 8 கிலோ வரை குறைத்தாலே மாதவிலக்கு சீராகக்கூடும். ஆயினும், உடற்பருமனுள்ள 577 பெண்களிடம் நெதர்லாந்தில் நடத்தப்பெற்று 2016இல் வெளியான ஆய்வில், சிகிச்சைக்கு முன் ஆறு மாதம் எடை குறைக்க முயன்றோரிடையே இயல்பாகக் கருவுற்றோர் மிகுந்தனர். குழந்தை பெற்றோர் தொகை மிகவில்லை. எனவே, 35 வயதைக் கடந்தவர் எடைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருத்தல் தகாது. எத்தனை கிலோ, எத்தனை மாதம் என்று மருத்துவரிடம் தெளிவாகக் கேளுங்கள்.

மீன் குழம்பை விலக்க வேண்டா; சோற்றின் அளவையும் வறுவலையும் குறைத்தால் நன்று. மாலையில் கடற்கரையில் நடக்கும்போது கணவரும் உடன் வரட்டும். மிகை எடை விந்தணுக்களையும் பாதிக்கும்.