வேகமாக வாசிக்கலாம், ஆனால் கடைசிச் சொல்லை விடக்கூடாது

சில வருடங்களுக்கு முன்பு செவ்வி ஒன்றுக்காகக் கிளிநொச்சியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பேசி முடிந்ததும் அந்த வீட்டு அக்கா ஐந்து பக்கப் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். “தம்பி, நீங்கள் படிச்சனீங்கள்தானே. ஒருக்கா பார்த்துச் சொல்லுங்கோ, கையெழுத்து வைக்கலாமோ?”

அது ஒரு நுண்கடன் ஒப்பந்தம். செய்தி அனுப்பவேண்டிய அவசரம் எனக்கு. தொகை, வட்டி, தவணை மூன்றையும் பார்த்துவிட்டு, “பிரச்சினை இல்லை அக்கா” என்றேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“கூட்டாகவும் தனித்தனியாகவும்” என்ற இரண்டு சொற்களை என் கண் கடந்து போயிருந்தது. குழுவில் ஒருவர் கட்டாவிட்டால், மற்றவர்களில் எவரிடமும் முழுக் கடனையும் கேட்கலாம் என்பதே அதன் பொருள். சில மாதங்களில் குழுவில் இருந்த இன்னொரு பெண்ணால் கட்டமுடியாமல் போனது. வசூலிப்பவர்கள் இந்த அக்காவின் வாசலில் வந்து நின்றார்கள். வேகமாக வாசிப்பது பற்றி நான் தேடத் தொடங்கியது அதன் பிறகுதான்.

கண் எப்படி வாசிக்கிறது?

வாசிக்கும்போது கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவி நிற்கிறது. ஒவ்வொரு தரிப்பும் ஏறக்குறையக் கால் செக்கன். அந்த நேரத்தில் சில எழுத்துகள்தான் தெளிவாகத் தெரியும். ஒரு பக்கத்தை ஒரே பார்வையில் விழுங்கக் கண்ணால் முடியாது.

அமெரிக்காவில் எவலின் வூட் என்ற ஆசிரியை 1959இல் வேக வாசிப்புப் பயிற்சியை வியாபாரமாகத் தொடங்கினார். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சொற்கள் என்ற வாக்குறுதி அன்றிலிருந்து விற்கப்படுகிறது. ஆனால் கீத் ரெய்னரும் சக ஆய்வாளர்களும் எழுதி 2016இல் வெளியான விரிவான மீளாய்வு, விளக்கம் குறையாமல் வேகத்தை இரண்டு மூன்று மடங்காக்குவது சாத்தியமாகத் தெரியவில்லை என்றே முடித்தது. வளர்ந்த ஒருவர் ஆங்கிலக் கட்டுரையை நிமிடத்துக்குச் சராசரியாக 238 சொற்கள் வேகத்தில் வாசிக்கிறார் என்று பெல்ஜியத்தின் மார்க் பிரைஸ்பார்ட் 2019இல் கணக்கிட்டார். தமிழுக்கு இந்த எண் பொருந்தாது. “ஒப்படைக்கப்பட்டவர்களிடமிருந்து” என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அது ஒரு சொற்கூட்டம்.

மனதுக்குள் சத்தம் வராமல் வாசியுங்கள், திரும்பிப் பார்க்காதீர்கள் என்று வேகப் பயிற்சிகள் சொல்லும். இரண்டையும் தடுத்தால் விளங்குவதுதான் குறைகிறது.

அப்படியானால் வேகம் எங்கிருந்து வருகிறது?

தெரிந்த சொற்களிலிருந்து வருகிறது. பழகிய சொல்லில் கண் குறைவாகத் தரிக்கும், பழகாத சொல்லில் தடக்கி நிற்கும். நிறைய வாசித்தவரே வேகமாக வாசிப்பார்.

இங்கேதான் வன்னியின் கதை வருகிறது. 2009இல் பத்து வயதாக இருந்த பிள்ளைகள் பதுங்குகுழிக்கும் மெனிக் பாம் கூடாரத்துக்கும் இடையில் பள்ளிக்கூடத்தைத் தொலைத்தவர்கள். இன்று அவர்கள் இருபத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். காணிப் படிவமும் கடன் பத்திரமும் அவர்கள் கைக்கு வருகின்றன. மெதுவாக வாசிப்பது அறிவுக் குறைவால் அல்ல. வாசிக்கக் கிடைக்காத வருடங்களின் மிச்சம் அது.

நான் இப்போது செய்வது

முதலில், என்ன தேடுகிறேன் என்று தீர்மானிப்பேன். கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கை 2011 டிசம்பரில் வெளியானபோது கிட்டத்தட்ட 400 பக்கம், அதுவும் ஆங்கிலத்தில். அதன் அவதானிப்புகளும் பரிந்துரைகளும் ஒன்பதாம் அத்தியாயத்தில் தொகுக்கப்பட்டிருந்தன. அதை முதலில் வாசித்தவருக்கு மற்ற அத்தியாயங்களில் எங்கே போவது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, வேகத்தை இடத்துக்கு இடம் மாற்றுவேன். முகவரி, முன்னுரை, திரும்பத் திரும்ப வரும் வரிகள் ஆகியவற்றில் ஓடலாம். “தவிர”, “எனினும்”, “பிணையாளி”, “ஏற்பாட்டுக்கு அமைய” போன்ற சொற்களில் நிற்கவேண்டும்.

மூன்றாவது, வசனத்தின் முடிவைப் பார்க்காமல் அடுத்ததற்குப் போகமாட்டேன். தமிழில் வினை கடைசியில் வருகிறது. “செலுத்திய பணம் திருப்பித் தரப்படும்”, “செலுத்திய பணம் திருப்பித் தரப்படமாட்டாது” இரண்டுக்கும் முன்பாதி ஒன்றுதான். மேலோட்டமாகப் பார்ப்பவர் நேர் எதிரான பொருளை எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவார்.

நான்காவது, சோதித்துப் பார்ப்பேன். சனசமூக நிலையத்துப் பத்திரிகை போதும். ஒரு கட்டுரையை மூன்று நிமிடம் வாசித்து, வரிகளை எண்ணி, மூடிவைத்துவிட்டு அதன் மூன்று விடயங்களைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிப் பாருங்கள். வரி கூடி, சொல்ல முடிந்தது குறைந்தால் அது வேகம் அல்ல. தினமும் இருபது நிமிடம் செய்துவந்தால் சொற்கள் பழகும், வேகம் தானாக வரும்.

கையெழுத்துப் போடும் பத்திரத்துக்கு மட்டும் இந்த வேகம் எதுவும் வேண்டாம். பிரதியை வீட்டுக்குக் கேளுங்கள். ஓர் இரவு வைத்து, ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர் கேளுங்கள். விளங்காத சொல்லின் கீழ் கோடு போட்டுத் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

அந்த அக்கா இப்போதும் பத்திரங்களை என்னிடம் காட்டுவதுண்டு. “ஆறுதலா வாசியுங்கோ தம்பி, தேத்தண்ணி போடுறன்” என்பார். தேத்தண்ணி ஆறும்வரை நான் எழும்புவதில்லை.