மாவுச்சத்தைத் தள்ளி உடல் இளைப்பது க்ஷேமமா?

தேக பாரத்தைக் குறைக்க வேண்டுமானால் சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, சர்க்கரை முதலியவற்றை அறவே விலக்கி, மாமிசம், முட்டை, வெண்ணெய், பாலாடைக்கட்டி இவற்றை வேண்டிய மட்டும் புசிக்கலாம் என்னும் உபதேசம் இப்பொழுது எங்கும் பரவி வருகிறது. ஒரு சாரார் இதைச் சஞ்சீவி என்கின்றனர். மற்றொரு சாரார் விஷம் என்கின்றனர். இரு கட்சியாரும் உரக்கப் பேசுவதால் உண்மை செவியில் விழாமற் போகிறது. இம்முறையால் உடல் இளைக்குமா என்பது ஒரு கேள்வி. அபாயமின்றி இளைக்குமா என்பது வேறு கேள்வி. முன்னதற்கு விடை கிடைத்துவிட்டதாலேயே பின்னதற்கும் கிடைத்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

இது நூதனமான முறையன்று. லண்டன் நகரில் வில்லியம் பாண்டிங் என்றொருவர் இருந்தார். அரச குடும்பத்தாரின் சவ அடக்கக் காரியங்களை நடத்திக் கொடுத்த குடும்பத்தைச் சேர்ந்தவர். 1862-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அவருடைய உயரம் 5 அடி 5 அங்குலம். எடையோ 202 ராத்தல். குனிந்து பாதரட்சையின் கயிற்றைக் கட்ட முடியாது. மாடிப்படிகளில் பின்புறமாகவே மெல்ல இறங்குவார். தேகாப்பியாசம் செய்யும்படி வைத்தியர் சொல்ல, படகேறித் துடுப்பு வலித்தார். பலம் வந்தது, அதனுடன் பசியும் பன்மடங்காக வந்தது. நீராவி ஸ்நானம் செய்தும் பார்த்தார், பயன் சொற்பமே. கடைசியில் காது மந்தமாயிற்றென்று ஹார்வி என்னும் வைத்தியரிடம் போனார். அவர் காதை விட்டுவிட்டு ஆகாரத்தைப் பற்றி விசாரித்தார். ஈரலில் சர்க்கரை உண்டாவதைக் குறித்துப் பாரிஸ் நகரில் கிளாட் பெர்னார் செய்த பிரசங்கங்களைக் கேட்டிருந்தவர் அந்த ஹார்வி. ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நிறுத்தும்படி அவர் விதித்தார். ஒரு வருஷத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் பாண்டிங் 46 ராத்தல், அதாவது ஏறக்குறைய 21 கிலோ, இளைத்துவிட்டார். 1863-ல் அவர் சொந்தச் செலவில் அச்சிட்டு வழங்கிய சிறு பிரசுரம் தேசதேசாந்தரமெல்லாம் பரவிற்று. ஸ்வீடன் பாஷையில் உடல் இளைக்கப் பத்தியமிருத்தலுக்கு இன்றளவும் அவர் பெயரினின்று பிறந்த சொல்லே வழங்கி வருகிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாண்டிங் மாவுச்சத்தை முற்றிலும் துறந்தவரல்லர். வேளைக்கு ஓர் அவுன்ஸ் வறட்டு ரொட்டியும், பழமும், திராக்ஷை மதுவும் அவருடைய ஆகாரத்தில் இருந்தன. மாமிசமும் அளவாக, நாலைந்து அவுன்ஸ்தான். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வேளைக்கு அரைக் கிலோ மாமிசம் புசிக்கும் இன்றைய தீவிரக் கட்சியினர் அப்பிரசுரத்தைப் படித்தவர்களாகத் தோன்றவில்லை.

நிற்க. உடல் இளைப்பது எவ்வாறு? நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஏறக்குறைய அரைக் கிலோ வரையில் ஈரலிலும் தசைகளிலும் சேமிப்பாக நிற்கிறது. அதன் ஒவ்வொரு கிராமுடனும் மூன்று கிராம் அளவு நீர் சேர்ந்திருக்கும். மாவுச்சத்து வரவு நின்றதும் இச்சேமிப்புக் கரைகிறது. நீரும் உடன் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்ததென்று ஆனந்தப்படுவோர் இழந்ததில் பெரும்பகுதி தண்ணீரே. பின்னர் இன்ஸுலின் தாழ்ந்து, கொழுப்பு உருகத் தொடங்குகிறது. ஈரல் அதைக் கீட்டோன் என்னும் பொருளாக்கி மூளைக்கும் தசைக்கும் அனுப்புகிறது. பசி மந்தமாகிறது, ஆகையால் உண்பது தானாகவே குறைகிறது. இம்முறையின் முக்கிய பலம் இதுவே. மாயம் ஒன்றுமில்லை. ஆரம்ப வாரங்களில் தலைவலி, மலச்சிக்கல், வாய் நாற்றம், தசைப்பிடிப்பு ஆகியவை பலருக்கு உண்டாகும்; அவை பெரும்பாலும் தணிந்துவிடும்.

1972-ல் அமெரிக்க வைத்தியர் ராபர்ட் அட்கின்ஸ் தமது நூலின் மூலம் இம்முறைக்குப் புத்துயிர் அளித்தபோது, அமெரிக்க வைத்தியச் சங்கம் அதை வன்மையாகக் கண்டித்தது. அக்காலத்தில் இரு பக்கத்திலும் வாதம் இருந்த அளவுக்குப் பரீக்ஷை இல்லை. சரியான பரீக்ஷைகள் 2003-க்குப் பின்னரே வெளிவரலாயின. அவ்வருஷம் வெளியான ஓர் ஆராய்ச்சியில் ஸ்தூல சரீரிகள் 63 பேரைச் சோதித்ததில், ஆறு மாதத்தில் மாவுச்சத்தைக் குறைத்தவர்களே அதிகம் இளைத்திருந்தனர்; பன்னிரண்டாவது மாதத்தில் சொல்லத்தக்க வித்தியாசமில்லை. 2018-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையார் 609 பேரை ஒரு வருஷம் சோதித்து வெளியிட்ட முடிவும் இதையொத்ததே: கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரி 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தனர். இவ்வித்தியாசம் கணக்கில் எடுக்கத் தக்கதன்று. ஒரே முறையைக் கைக்கொண்டவருக்குள்ளேயே சிலர் 25 கிலோவுக்கு மேல் இளைக்க, சிலர் பருத்தும் இருக்கின்றனர்.

ஆகவே எடை குறையும் என்பது மெய். மற்ற முறைகளை வென்றுவிடும் என்பது மிகை. எஞ்சி நிற்பது அபாயத்தைப் பற்றிய கேள்வி. தள்ளிய மாவுச்சத்தின் இடத்தில் எதை வைத்தோம் என்பதைப் பொறுத்ததே அது என்பது நமது அபிப்பிராயம். இஸ்ரேலில் 322 பேரை இரண்டு வருஷம் சோதித்த ஆராய்ச்சி 2008-ல் வெளிவந்தது. மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் அதில் 4.7 கிலோ இளைத்தனர், தீங்கொன்றும் காணப்படவில்லை. ஆனால் அவர்கள் கொழுப்பையும் புரதத்தையும் தாவரங்களிலிருந்தே பெரும்பாலும் பெறும்படி போதிக்கப்பட்டிருந்தனர். அமெரிக்காவில் 15,428 பேரை ஏறக்குறைய கால் நூற்றாண்டு கவனித்து 2018-ல் வெளியான கணக்கில், மாவுச்சத்து மொத்த ஆகாரத்தில் 50 முதல் 55 சதம் உள்ளவர்களிடையே மரணம் மிகக் குறைவு. நாற்பதுக்குத் தாழ்ந்தவர்களிடையேயும், எழுபதைக் கடந்தவர்களிடையேயும் அதிகம். தாழ்ந்தவர்களிலும், மாமிசத்தைச் சார்ந்தவர்களுக்கே கேடு. பருப்பு, கொட்டை, காய்கறிகளைச் சார்ந்தவர்களுக்கு அது காணப்படவில்லை. இது கவனித்தறிந்த கணக்கேயன்றி நேர்ப் பரீக்ஷையன்று. ஆயினும் அலட்சியம் செய்யத்தக்கதன்று. வெண்ணெயும் மாமிசமும் மிகுதியாய்ப் புசிக்கும் சிலருக்கு, இரத்தத்தில் தீய கொழுப்பு அளவு மீறி ஏறுவதையும் வைத்தியர்கள் கண்டிருக்கின்றனர். உடல் மெலிந்து அழகாயிருக்கும்; இரத்தக் குழாய் அடைபடத் தொடங்கியிருக்கும்.

அந்த எழுபது சதத்தைப் பற்றிய செய்தி நமக்கும் உரியது. இந்தியர்கள் பெறும் உஷ்ண சக்தியில் ஏறக்குறைய 62 சதம் மாவுச்சத்தினின்றே வருகிறதென்று, இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸிலுக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் நடத்தி 2025-ல் வெளியிட்ட ஆராய்ச்சி கூறுகிறது. அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறிவிட்டோமென்று திருப்தியடைவோர் அதைப் படிக்க வேண்டும். மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் தானியத்தை மட்டும் மாற்றுவதால் நீரிழிவு அபாயம் குறைந்ததாக அதில் காணப்படவில்லை. ஒரு பங்கு மாவுச்சத்துக்குப் பதிலாகப் பருப்பு, பால், முட்டை, மீன் இவற்றின் புரதத்தைச் சேர்த்தவர்களுக்கே அபாயம் குறைந்தது. இதே ஆராய்ச்சியாளர்கள் 18,090 பேரின் ஆகாரத்தைக் கொண்டு 2022-ல் செய்த கணிப்பின்படி, புதிதாகக் கண்ட நீரிழிவு தணிவதற்கு மாவுச்சத்து 49 முதல் 54 சதமாகத் தாழ்ந்தால் போதும். 150 கிராம் சோற்றில் மாவுச்சத்து ஏறக்குறைய 40 கிராம். தட்டில் சோற்றைப் பாதியாக்கிப் பருப்பையும் காயையும் இரட்டிப்பதே நம்மவர்க்குப் பெரிய மாறுதல். இருபது கிராமில் நாளைக் கழிக்கும் மேனாட்டுக் கடும் பத்தியம் வேண்டுவதில்லை.

கடும் பத்தியமே வேண்டுமென்போர் சில விஷயங்களை முன்னரே அறிதல் நலம். இன்ஸுலின் குத்திக்கொள்வோரும், க்ளிமெபிரைட், க்ளிபென்க்ளமைட் போன்ற மாத்திரை உண்போரும், மருந்தின் அளவைக் குறைக்காமல் சோற்றை நிறுத்தினால், இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மூர்ச்சையடையக் கூடும். இரவு நித்திரையில் நேரிட்டால் உயிருக்கே ஆபத்து. டாபாக்ளிஃப்லோஸின், எம்பாக்ளிஃப்லோஸின் வகை மாத்திரைகள் இன்னும் வஞ்சகமானவை. அவற்றை உண்போர் மாவுச்சத்தை அறவே தள்ளினால், கீட்டோன் மிகுந்து இரத்தம் அமிலமாகிவிடும். சர்க்கரையோ பரீக்ஷையில் ஏறக்குறைய சாதாரணமாகவே காட்டும். ஆகையால் நோயாளி வீட்டிலேயே படுத்துக் காலத்தைக் கடத்துவார். குமட்டல், வயிற்றுவலி, மேல்மூச்சு கண்டால் அக்கணமே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். சிறுநீரக நோயுற்றவர்களுக்கு மிகுந்த புரதம் ஆகாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதில் இறங்குதல் கூடாது.

இவ்வகையில் சேராத திடகாத்திரமுள்ளவர், தொடங்குமுன் இரத்தத்தில் கொழுப்பு, சர்க்கரை, சிறுநீரக நிலை ஆகியவற்றைச் சோதித்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்துப் பார்ப்பாராக. தீய கொழுப்பு ஏறியிருந்தால், எடை எவ்வளவு குறைந்திருப்பினும், வெண்ணெயையும் மாமிசத்தையும் குறைத்து எண்ணெய் வித்துக்களுக்கும் பருப்புக்கும் மாற வேண்டியதே.