கரமனையில் ஒரு வாசிப்புப் பந்தயம்

ஜூன் 19ஆம் நாளைக் கேரள மாநிலம் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது. 1945இல் திருவிதாங்கூர் நூலகச் சங்கம் உருவாகக் காரணமாயிருந்து, ஊர்தோறும் படிப்பகங்கள் தோன்ற உழைத்த பி. என். பணிக்கர், 1995ஆம் ஆண்டு அந்நாளில்தான் மறைந்தார். 'வாசித்து வளர்க' என்பது அவர் நாட்டுக்கு விட்டுச்சென்ற முழக்கம். 1829 முதல் பொது நூலகம் இயங்கிவரும் திருவனந்தபுரத்துக்கு அம்முழக்கம் இயல்பாகவே பொருந்தும்.

இந்நகரின் கரமனைப் பகுதியில், ஆற்றை ஒட்டிய தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. நீல. பத்மநாபனும் ஆ. மாதவனும் இந்நகரில் இருந்துகொண்டே தமிழுக்குச் சிறந்த படைப்புகளை அளித்தனர். ஆயினும் இன்றைய பிள்ளைகளின் நிலை வேறு. வீட்டில் தமிழ் பேசுவர். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிப்பர். தமிழ் செவியில் நிற்கிறது, கண்ணுக்கு எட்டுவதில்லை. எங்கள் இல்லத்திலும் இதே நிலைதான்.

இக்குறையை நீக்கும் பொருட்டு, கடந்த ஆண்டு வாசிப்பு நாளன்று குடும்பத்தினர் ஐவரும் ஒரு பந்தயத்தில் இறங்கினோம். தேர்ந்தெடுத்த நூல், சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த இந்த அறிவியல் புனைகதை, அன்றைக்கு எதிர்காலமாயிருந்த 2020களைக் களமாகக் கொண்டது. அதன் ஆசிரியர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றி, மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்திலும் பங்காற்றியவர். கதையில் வரும் ஜீனோ என்னும் இயந்திர நாய், சிறுவர் பெரியவர் இருபாலாரையும் ஈர்க்கக்கூடியது.

தாத்தாவிடம் அக்காலத்தில் வார இதழிலிருந்து கிழித்தெடுத்து பைண்டு செய்த தொகுப்பு இருந்தது. ஒரு பிரதியை விலைக்கு வாங்கினோம். மற்றொன்று நாகர்கோவில் உறவினரிடமிருந்து வந்தது. மூன்றிலும் பக்க எண்கள் ஒத்துவரவில்லை. எனவே அத்தியாயக் கணக்கே அளவுகோலாயிற்று. ஐவருக்கு மூன்று பிரதிகளே என்பதால், காலையில் ஒருவர், இரவில் ஒருவர் என முறை வைத்துக்கொண்டோம். பழைய குறிப்பேடு ஒன்றைப் பாஸ்புக் போலவே கோடிட்டு, தேதி, படித்த அத்தியாயம், மீதி, கையொப்பம் என நான்கு கட்டங்கள் வகுத்தோம்.

விதிகள் மூன்று. முந்திச் சென்றவர் கதையை வெளியிடலாகாது. நாள்தோறும் ஒரு பக்கமேனும் படித்தாக வேண்டும். முதலில் நிற்பவர், கடைசியில் நிற்பவருக்கு வாரம் ஓர் அத்தியாயத்தை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். கடைசி நபர் முடிக்கும்போதுதான் பந்தயம் முடியும்.

முதல் வாரத்தில் தாத்தா முந்தினார். ஒன்பதாம் வகுப்பு மகள் இரண்டு அத்தியாயங்களோடு நின்றாள். பாட்டியிடம் அவள் தமிழ் எழுத்துகளைக் கற்றிருந்தாள். ஆனால் மலையாளத்தில் குதிரைக்கும் குணத்துக்கும் தொடக்க எழுத்து வேறு வேறு. தமிழிலோ இரண்டுக்கும் ஒரே 'கு'. எந்த ஒலி என்பதைச் சொல்லைத் தெரிந்துகொண்டே அறிய வேண்டும். இது அவளுக்குப் பெருந்தடையாயிற்று. அங்கே நாவலே கைகொடுத்தது. அக்கதையுலகில் நிலா, சிபி, ரவி என மாந்தர் பெயர்கள் ஈரெழுத்துகளில் அமைந்தவை. பெயர்கள் கண்டவுடன் பிடிபட, வாக்கியங்கள் மெல்ல வசப்பட்டன.

தாத்தா உரக்கப் படித்த இரவுகளில் அவள் தன் பிரதியில் விரலோட்டிப் பின்தொடர்ந்தாள். மூன்றாம் வாரம், அடுத்து நிகழ்வதை அறியும் ஆவலில் தாத்தாவுக்குக் காத்திராமல் தானே படிக்கத் தொடங்கினாள். அன்றைய கட்டத்தில் அவள் பெயரைத் தமிழிலேயே கையொப்பமிட்டிருந்தாள். எவரும் அவ்வாறு கேட்டுக்கொள்ளவில்லை.

தாத்தா 12 நாட்களில் முடித்தார். மகளுக்கு 41 நாட்கள் ஆயின. எங்கள் கணக்கில் பெரிய ஈட்டம் அந்த 41 நாட்களே. தொடர் வைப்புக் கணக்கில் தவணைத் தொகை சிறிதாயினும், தவறாமல் செலுத்துவதே முதிர்வைத் தருகிறது. வாசிப்பும் அத்தகையதே. இப்போது அவள் கையில் அக்கதையின் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ' இருக்கிறது. இம்முறை பந்தயம் ஏதுமில்லை.

அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, வரும் விடுமுறையில் உங்கள் இல்லத்திலும் இதனை முயன்று பார்க்கலாம். பிள்ளைகளின் பாடத்தோடு தொடர்பில்லாத, விறுவிறுப்பான ஒரு நாவலைத் தேர்ந்தெடுங்கள். வீட்டிலுள்ள மூத்தோரைத் தவறாது சேர்த்துக்கொள்ளுங்கள். பரிசு அறிவிக்க வேண்டியதில்லை. கடைசியில் வருபவருக்காக அனைவரும் காத்திருங்கள்; அது ஒன்றே போதும்.