படிகாரம் நீரைத் தெளிவிக்கும் வகை

மாரிகாலத்திற் கலங்கிய கிணற்றுநீரிற் சிறிது படிகாரத்தை இட்டுக் கலக்கி வைத்தால், அழுக்கு அடியிற் படிய, மேலே தெளிந்த நீர் நிற்கக் காணலாம். இலங்கையிற் சீனக்காரம் என்றும் வழங்கும் இப்பொருள் அழுக்கைக் கரைத்து விடுகின்றது என எண்ணுவாருமுளர். அது பொருந்தாது. கரைவது படிகாரமே, கரைந்த அது மீண்டும் திண்மமாக மாறும்போதே நீர் தெளிகின்றது. அம்மாற்றம் நிகழுமாற்றை ஈண்டு ஆராய்வாம்.

நீரைக் கலங்கச் செய்யும் களிமண் துணிக்கைகள் மிக நுண்ணியவை. பெரும்பாலும் மறையேற்றம் உடையவை. ஆதலின் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பல நாட்கள் மிதந்து நிற்கும். அவற்றை ஒன்றுசேர்க்க நேரேற்றமுள்ள ஒரு பொருள் வேண்டும்.

படிகாரத்திலுள்ள அலுமினியம் அயன் நீரிலே தனித்து இருப்பதில்லை. ஆறு நீர்மூலக்கூறுகள் எண்முகி வடிவில் அதனைச் சூழ்ந்து நிற்கும். அயனோ மிகச் சிறியது. அதன் ஏற்றமோ மூன்று. ஆகவே அது சூழ்ந்துள்ள நீரின் இலத்திரன்களைத் தன்பால் இழுக்க, அந்நீர் ஐதரசன் அயனொன்றைப் புறத்தே விடுகின்றது. இதுவே நீர்ப்பகுப்பு. படிகாரக் கரைசல் நீலப் பாசிச்சாயத்தாளைச் சிவப்பாக்குவது இதனாலேயே. அமில வலிமையில் இவ்வயன் ஏறக்குறைய வினாகிரியின் அமிலத்துக்கு நிகரானது என்றால் வாசகர் சிலர் வியக்கக்கூடும்.

நீரின் பீ.எச். பெறுமானம் 4 இற்குக் கீழிருப்பின் அலுமினியம் பெரும்பாலும் கரைந்தே நிற்கும். 6 இற்கும் 6.5 இற்கும் அண்மையில் அதன் கரைதிறன் மிகக் குறைவு. 8 ஐத் தாண்டினால் நான்கு ஐதரொட்சைட்டுக் கூட்டங்களைத் தாங்கி, மறையேற்றம் பெற்று, மீண்டும் கரையத் தொடங்கும். படிகாரக் கரைசலில் எரிசோடாவைச் சிறிது சிறிதாக இட வெண்ணிற வீழ்படிவு தோன்றுவதையும், மிகுதியாக இட அது மறைவதையும் மாணவர் ஆய்வுகூடத்திற் கண்டிருப்பர்.

அலுமினியம் அயனும் மூன்று ஐதரொட்சைட்டு அயன்களும் சேர வீழ்படிவு உண்டாகும் என்று பாடநூல் ஒரே வரியிற் கூறிச் செல்லும். சுவையான பகுதி அவ்வரிக்குள் மறைந்து கிடக்கின்றது. ஐதரசனை இழந்த அயன்கள் இரண்டு நெருங்கும்போது ஐதரொட்சைட்டுக் கூட்டங்கள் அவற்றிடையே பாலமாகின்றன. இரண்டு மூன்றாகி, மூன்று பலவாகிப் பல்பகுதியங்கள் தோன்றுகின்றன. இவற்றுட் பதின்மூன்று அலுமினிய அணுக்களைக் கொண்ட ஒன்று பெரும் புகழ் வாய்ந்தது. நடுவே நான்முகியாக ஓரணு, சுற்றிலும் எண்முகிகளாகப் பன்னிரண்டு; மொத்த ஏற்றம் நேர் 7. இதன் பளிங்கமைப்பை 1960ஆம் ஆண்டில் யொகான்சன் என்பார் வெளியிட்டார். படிகாரத்தை நேரே நீரிலிடும்போது இது அதிகம் தோன்றுவதில்லை. இத்தகைய பல்பகுதியங்களை முன்னதாகவே ஆக்கி வைத்த பொருளே இன்று நீர்வழங்கற் சாலைகளிற் பயிலும் பொலி அலுமினியம் குளோரைட்டு.

பல்பகுதியங்கள் மேலும் வளர்ந்து ஏற்றத்தை இழக்க, நீர் நிறைந்த, பளிங்குருவற்ற கூழாக வீழ்படிகின்றன. அக்கூழ் நெடுநாட் கழித்துக் கிப்சைற்று எனும் பளிங்காக மாறவல்லது. பொக்சைற்று எனும் அலுமினியத் தாதிற் பெரிதும் காணப்படும் கனியங்களுள் அதுவும் ஒன்று. நீர்ச்சாலைக்குப் பளிங்கு வேண்டியதில்லை, கூழே போதும். முதல் ஓரிரு செக்கன்களுள் தோன்றும் நேரேற்றத் துணிக்கைகள் களிமண்ணின் ஏற்றத்தைத் தணிக்கின்றன. பின்னர்த் தோன்றும் கூழ் வலைபோல எஞ்சியவற்றை வாரிக்கொண்டு இறங்குகின்றது. ஆகவேதான் முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் கலக்குவர். படிகாரம் கூடக்கூட நீர் தெளியும் என்பதும் தவறு. அளவு மிஞ்சினாற் களிமண் துணிக்கைகளே நேரேற்றம் பெற்று மீண்டும் ஒன்றையொன்று தள்ளுதல் உண்டு.

வெளிவரும் அமிலத்தை ஏற்க நீரில் இருகாபனேற்றும் வேண்டும். நீர்ச்சாலைகளில் இடும் அலுமினியம் சல்பேற்று 1 கிராம், ஏறக்குறைய அரைக் கிராம் கல்சியங்காபனேற்றுக்கு ஈடான காரத்தன்மையைச் செலவிடும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கற் கிணறுகளில் இதற்குக் குறைவில்லை. மலைநாட்டு மென்னீருக்கோ சுண்ணாம்பு சேர்க்க நேரலாம். தெளிந்த நீரிலும் கிருமிகள் எஞ்சியிருக்கக் கூடுமாதலின், வெள்ளக் காலத்தில் அதனைக் கொதிக்க வைத்தே பருகல் வேண்டும்.

இம்மாற்றம் தொட்டியில் நிகழாது மீனின் செவுளில் நிகழ்ந்தால் யாதாகும்? பிரித்தானியாவிலும் ஐரோப்பாக் கண்டத்திலும் எழுந்த கந்தகப் புகை இருபதாம் நூற்றாண்டில் நோர்வேயின் தென்பகுதியில் அமில மழையாகப் பெய்து, மண்ணிலிருந்த அலுமினியத்தைக் கரைத்து ஆறுகளிற் சேர்த்தது. சல்மன் மீன்கள் பல ஆறுகளில் அற்றுப்போயின. செவுளை அடுத்துள்ள நீர் ஆற்றுநீரினும் அமிலம் குறைந்தது. அங்கே அலுமினியம் பல்பகுதியமாகிப் படிய, மீன் மூச்சுத் திணறும், உடலுப்பையும் இழக்கும். மருந்தாகச் சுண்ணாம்பு இட்டனர். ஆயின் சுண்ணாம்பிட்ட நீரும் அமில ஆறும் கலக்கும் இடம், கலவாத அமில நீரினும் கொடியதாயிருத்தலை 1990களின் தொடக்கத்தில் ஆய்வாளர் கண்டனர். கொன்றது அலுமினியத்தின் அளவு மட்டுமன்று; அது உருமாறிக்கொண்டிருந்த அந்தச் சிறு பொழுதுமேயாம். அதே நீர் ஆற்றோடு கீழே ஓடி, பல்பகுதியங்கள் முதிர்ந்து அடங்கிய பின்னர், அதன் நச்சுத்தன்மை தணிந்துவிடுகின்றது.