மண்ணில் இருக்கிறது, செடிக்குக் கிடைப்பதில்லை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிய பிறகு, பேராவில் நம்மவர் பலர் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். ஆனாலும் மண்ணை விட்டு மனம் போகவில்லை. வாசலில் ஒரு கறிவேப்பிலை, நாலு கத்தரிச் செடி இல்லாத வீடு குறைவு. உரமும் வாங்கிப் போடுகிறோம். "எவ்வளவு போட்டாலும் செடி எழும்ப மாட்டேங்குதே" என்ற குறை மட்டும் தீர்வதில்லை. அதற்கான காரணங்களில் முக்கியமான ஒன்றைத்தான் இன்று விளக்க வந்திருக்கிறேன். அது மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ்.

உரப் பையில் 12-12-17 என்பதுபோல் எண்கள் இருக்கும். அதில் இரண்டாவது எண் மணிச்சத்தைக் குறிக்கும். இலை வெயிலிலிருந்து பெறும் சக்தியை, செல்லுக்குள் நடக்கும் வேலைகளுக்குக் கொடுப்பது ஏடிபி என்ற பொருள். அதிலும், பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் டிஎன்ஏவிலும் பாஸ்பரஸ் இருக்கிறது. வேர் ஓடவும், பூ பூக்கவும், மணி பிடிக்கவும் இது வேண்டும். இது குறைந்தால் செடி குட்டையாக நின்றுவிடும். இலை கரும்பச்சையாகும், சில செடிகளில் ஊதா நிறம் ஏறும். இந்த அறிகுறி முதலில் அடி இலைகளில்தான் தெரியும். ஏன் தெரியுமா? இருக்கும் கொஞ்சத்தையும் முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்கு அனுப்பிவிடுகிறது செடி. பெற்ற தாய் செய்வதைப் போலத்தான்!

செம்மண்ணின் பிடி

நம் மேட்டு நிலச் செம்மண் புளிப்பு மிகுந்தது. அதில் இரும்பும் அலுமினியமும் அதிகம். உரத்திலுள்ள மணிச்சத்து கரைந்த உடனேயே இவை அதை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டின் கரிசல் மண்ணில் இதே வேலையைச் சுண்ணாம்புச் சத்து செய்கிறது. ஈப்போவைச் சுற்றியுள்ள பழைய ஈய லம்ப மணலில் கதையே வேறு. அங்கே பிடித்து வைக்க ஆளில்லை. மழை கழுவிக்கொண்டு போய்விடும்.

மற்ற சில சத்துகள் தண்ணீரோடு வேருக்கு ஓடி வரும். மணிச்சத்து அப்படி வராது. மண்ணுக்குள் அது சில மில்லிமீட்டர்தான் நகரும். எனவே வேர்தான் தேடிப் போகவேண்டும். வேர்த் தூவிகள் அதற்காகவே இருக்கின்றன. வேர் கசியவிடும் அமிலங்கள், இரும்பின் பிடியைத் தளர்த்துகின்றன. வேரோடு கூட்டுச் சேரும் ஒருவகைப் பூஞ்சை, நூல்போல் வெகுதூரம் பரவிச் சத்தைக் கொண்டுவந்து கொடுத்து, கூலியாகச் சர்க்கரையை வாங்கிக்கொள்கிறது.

கொடிக்கு ஏன் உரம்?

தோட்டத்தில் உரம் போட்டவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். பால்மரக் கன்று நடும் குழியில் பாறை பாஸ்பேட் தூளைப் போடுவார்கள். நிரைகளுக்கு நடுவே படர்ந்த புவேராரியா, காலோபோகோனியம் கொடிகளுக்கும் அதையே தூவச் சொல்வார்கள். அந்தத் தூள் பெரும்பாலும் கிறிஸ்மஸ் தீவிலிருந்து வந்தது. 1958 வரை சிங்கப்பூர் நிர்வாகத்தில் இருந்து, பின்னர் ஆஸ்திரேலியாவிடம் போன தீவு அது.

"மரத்துக்குப் போடாமல் கொடிக்கு ஏன் போடுகிறார்கள்?" என்று நம் தாய்மார்கள் வியந்திருப்பார்கள். காரணத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பாறை பாஸ்பேட், புளிப்பு மண்ணில்தான் மெல்ல மெல்லக் கரையும். அதைக் கொடி உறிஞ்சிக்கொள்கிறது. வேர் முடிச்சுகளால் காற்றிலுள்ள தழைச்சத்தையும் பிடித்து வைக்கிறது. பிறகு இலை உதிர்ந்து மக்கும்போது இரண்டு சத்தும் மரத்துக்குப் போய்ச் சேர்கின்றன. கொடி, மரத்துக்குச் சமைத்துப் போட்டது என்று சொல்லலாம். அந்த வேலையைச் செய்த கைகள் நம்முடையவை. அதன் விளக்கமும் நமக்குச் சேரவேண்டியதே.

வீட்டில் என்ன செய்யலாம்?

உரத்தை மண்மேல் இறைக்காதீர்கள். நடும்போதே குழியில், வேர் எட்டும் இடத்தில் மண்ணோடு கலந்து வையுங்கள். மக்கிய இலைதழையும் மாட்டெருவும் சேர்த்தால் இரும்பின் பிடி தளரும். காய்கறிப் பாத்தியின் புளிப்பு குறைய, கொஞ்சம் சுண்ணாம்புக்கல் தூள் போடலாம். ஆனால் பாறை பாஸ்பேட் போட்ட இடத்தில் அதைச் சேர்க்கவேண்டாம். புளிப்பு போனால் பாறைத் தூள் கரையாது. இரண்டு செலவும் வீண்.

இன்னொன்றையும் மனத்தில் கொள்வோம். பாஸ்பேட் பாறை, வெட்டி எடுத்தால் நம் காலத்தில் மீண்டும் விளையாது. உலக இருப்பில் பெரும்பகுதி மொரோக்கோ, மேற்கு சகாரா பகுதியில் இருக்கிறது. நாம் மண்ணில் கொட்டும் ஒவ்வொரு பிடியும் எங்கோ தோண்டிய குழியிலிருந்து வருவது. ஆகவே அதிகம் போடுவதை விட, வேருக்குப் போய்ச் சேரும்படி போடுவதே கெட்டிக்காரத்தனம்.